லீஸ் கோட் வந்திருக்கிறது, மாதம் 519 டாலர்: கையெழுத்துப் போடலாமா?

ராரிட்டன்கரை

வணக்கம் நண்பர்களே. நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எனக்கு வேலைக்கு ரயில்தான், மெட்ரோபார்க்கில் ஏறிவிடுவேன். இப்போது பார்க்கிற வண்டி மனைவிக்காக. அவங்க வேலை, பசங்க பள்ளிக்கூடம், சனி ஞாயிறு பிரிட்ஜ்வாட்டர் கோயில், இவ்வளவுதான் ஓட்டம். வருடத்துக்கு ஒன்பதாயிரம் மைல் தாண்டாது. இதுவரை லோன் போட்டுத்தான் கார் வாங்கியிருக்கிறோம், லீஸ் இதுதான் முதல் தடவை.

நடுத்தர எஸ்யூவி. ஜன்னல் ஸ்டிக்கரில் 38,000 டாலர். 36 மாதம், வருடத்துக்கு 10,000 மைல். டீலர் முதலில் எழுதிக் கொடுத்தது, கையில் 3,000, மாதம் 567, வரி தனி. கட்டுப்படியாகாது, 520க்குள் என்றால் பேசலாம் என்றேன். சேல்ஸ் மேனேஜர் உள்ளே போய்விட்டு ரொம்ப நேரம் கழித்து வந்து, 519 என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். அதே தாளில் கையில் கட்ட வேண்டியது 4,600 ஆகியிருக்கிறது. சனிக்கிழமை வரைதான் இந்த விலையாம். போடலாமா?

கணக்குப்பிள்ளை

இப்போதைக்குப் போடாதீர்கள். வட்டம் போட்ட எண்ணை விட்டுவிடுங்கள். வண்டிக்கு அவர்கள் போட்டிருக்கும் விற்பனை விலை (ஸ்டிக்கர் விலை வேறு, இது வேறு), ரெசிடுவல் (லீஸ் முடியும்போது வண்டிக்கு இவ்வளவு மதிப்பு என்று முன்பே போடுவது), மனி ஃபேக்டர் (லீஸில் வட்டியைக் குறிக்கும் எண்), கட்டணம் என்ற பெயரில் உள்ளே சேர்த்திருப்பவை, இந்த நான்கும் தெரிய வேண்டும். இவை தெரியாமல் 519 நல்ல விலையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ராரிட்டன்கரை

தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விற்பனை விலை என்ற இடத்திலும் 38,000தான் இருக்கிறது. அக்விசிஷன் ஃபீ, அதாவது லீஸ் போட்டுத் தர ஃபைனான்ஸ் கம்பெனி வாங்கும் கட்டணம், 895. 'புரொடெக்‌ஷன் பேக்கேஜ்' 1,295. அது என்ன என்று கேட்டதற்கு டயரில் நைட்ரஜன், பெயின்ட் மேல் ஒரு பூச்சு, கண்ணாடியில் வண்டி எண் பொறிப்பது என்றார்கள். எல்லா வண்டிக்கும் ஏற்கெனவே செய்துவிட்டார்களாம், எடுக்க முடியாதாம். ரெசிடுவல் 57 சதவீதம், அதாவது 21,660 டாலர்.

மனி ஃபேக்டர் தாளில் இல்லை. போன் போட்டுக் கேட்டேன், "டூ பாயின்ட் த்ரீ" என்றார். 2.3 சதவீத வட்டி என்றால் இன்றைய நிலைமைக்கு ரொம்ப நல்லதுதானே?

கணக்குப்பிள்ளை

அது 2.3 சதவீதம் இல்லை, 0.00230. 2400ஆல் பெருக்குங்கள், ஆண்டு வட்டி 5.52 சதவீதம் வரும். முன்னால் இருக்கும் சைபர்களை விழுங்கிவிட்டுச் சொல்வது பல கடைகளில் வழக்கம். கேட்பவர் வட்டி என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

2400 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் லீஸ் பாதி புரிந்துவிடும். லீஸ் தொடங்கும்போது உங்கள் பேரில் நிற்கும் தொகை கேப் காஸ்ட், முடியும்போது நிற்பது ரெசிடுவல். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி பாக்கி. அதற்கு ஒரு மாத வட்டி பார்க்க 12ஆல் வகுக்க வேண்டும், சதவீதத்துக்காக 100ஆல் வகுக்க வேண்டும். 2, 12, 100 மூன்றையும் பெருக்கினால் 2400. இந்த வகுத்தல் எல்லாம் மனி ஃபேக்டருக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால்தான் சூத்திரத்தில் கேப் காஸ்ட்டையும் ரெசிடுவலையும் கழிக்காமல் கூட்டுகிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும் இது அச்சுப்பிழையோ என்று நினைக்கும் இடம் இது.

இப்போது உங்கள் தாள். 38,000, அதோடு 895, அதோடு 1,295. மொத்தம் 40,190. நீங்கள் கையில் கட்டும் 4,600 போக 35,590. இதுதான் அட்ஜஸ்டட் கேப் காஸ்ட்.

தேய்மானம்: 35,590இல் 21,660 போனால் 13,930. அதை 36ஆல் வகுத்தால் 386.94.
வாடகைக் கட்டணம் என்ற பெயரில் வரும் வட்டி: 35,590 கூட்டல் 21,660, மொத்தம் 57,250. அதை 0.0023ஆல் பெருக்கினால் 131.68.
இரண்டும் சேர்ந்து 518.62.

519 வந்துவிட்டது பாருங்கள். இதே கணக்கை 3,000 டாலருக்குப் போட்டால் 566.74 வரும், அதுதான் முதலில் சொன்ன 567. ஆக, மேனேஜர் உள்ளே போய்விட்டு வந்ததில் வண்டி விலை ஒரு டாலர்கூடக் குறையவில்லை, வட்டியும் குறையவில்லை. உங்கள் கையில் இருந்து இன்னும் 1,600 டாலரை முன்னால் வாங்கிக்கொண்டு அதையே மாதாமாதம் குறைத்துக் காட்டியிருக்கிறார். "எவ்வளவு மாதத் தவணை கட்ட முடியும்" என்ற கேள்விக்குப் பதில் சொன்னால் நடப்பது இதுதான். நீங்கள் சொன்ன எண்ணுக்கு வருவதற்கு அவர்களுக்கு நான்கைந்து வழி இருக்கிறது. டவுன் பேமென்டை ஏற்றலாம், 36 மாதத்தை 39 ஆக்கலாம், 10,000 மைலை 7,500 ஆக்கலாம். விலையைக் குறைப்பது அவர்கள் கடைசியாகத் தொடும் வழி.

அடுத்தது அந்த 1,295. ரெசிடுவல் என்பது ஸ்டிக்கர் விலையில் இத்தனை சதவீதம் என்று ஃபைனான்ஸ் கம்பெனி போடுவது. ஸ்டிக்கர் என்றால் 1958ஆம் வருடச் சட்டப்படி தயாரிப்பாளர் ஒட்டி அனுப்பும் மன்ரோனி ஸ்டிக்கர். டீலர் தன் கடையில் ஒட்டிய இரண்டாவது தாளுக்கு ரெசிடுவலில் மதிப்பே கிடையாது. அப்படியென்றால் அந்த நைட்ரஜனும் பூச்சும் 36 மாதத்தில் முழுக்க முழுக்க உங்கள் பணத்தில் கரையும், அதற்கு வட்டியும் உண்டு. மாதம் சுமார் 39 டாலர். கடன் போட்டு வாங்குகிறவருக்கு இது வீண் செலவு என்றால், லீஸ் எடுக்கிறவருக்கு அதைவிட மோசம்.

ராரிட்டன்கரை

தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. மிக்க நன்றி ஐயா. அப்படியானால் எதைப் பேரம் பேசலாம், எதைப் பேச முடியாது?

கணக்குப்பிள்ளை

ரெசிடுவலைப் பேச முடியாது. அது வண்டிக் கம்பெனியின் ஃபைனான்ஸ் பிரிவு மாதாமாதம் அறிவிப்பது, எந்த டீலரிடம் போனாலும் அதே மாடலுக்கு, அதே மாதத்துக்கு, அதே மைலுக்கு ஒன்றுதான். அக்விசிஷன் ஃபீயும் பெரும்பாலும் அவர்களுடையதே, ஆனால் சில டீலர்கள் அதன் மேலும் சேர்ப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

விற்பனை விலை முழுக்க உங்கள் கையில். லீஸ் என்றால் விலை பேசக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கினால் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள்.

மனி ஃபேக்டரில் கம்பெனி கொடுப்பது ஒன்று, டீலர் உங்களிடம் சொல்வது ஒன்று. அசல் எண்ணுக்குப் பை ரேட் என்று பெயர். அதன் மேல் டீலர் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது, 0.00040 வரை சேர்ப்பது சாதாரணம். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். உங்கள் வண்டிக்கு அது மாதம் 23 டாலர், மூன்று வருடத்துக்கு 800க்கு மேல். எட்மண்ட்ஸ் என்ற கார் தகவல் தளத்தின் விவாதப் பகுதியில் மாடல், டிரிம், ஜிப் கோட், எத்தனை மாதம், எத்தனை மைல் என்று எழுதிக் கேட்டால் இந்த மாதத்துப் பை ரேட்டும் ரெசிடுவலும் சொல்வார்கள். காசு கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொரு விஷயம். 1976ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் லீசிங் சட்டமும் அதன் கீழ் வரும் ரெகுலேஷன் எம் விதிகளும் இருப்பதால், கையெழுத்துக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட படிவத்தை அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். கிராஸ் கேப் காஸ்ட் (டவுன் பேமென்ட் கழிப்பதற்கு முந்தைய மொத்தம்), ரெசிடுவல், தேய்மானம், வாடகைக் கட்டணம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மனி ஃபேக்டரை மட்டும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பரவாயில்லை, நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வாடகைக் கட்டணத்தை மாதங்களால் வகுத்து, வருவதை அட்ஜஸ்டட் கேப் காஸ்ட்டும் ரெசிடுவலும் சேர்ந்த தொகையால் வகுங்கள். உங்கள் தாளில் வாடகைக் கட்டணம் மொத்தம் 4,740 வாக்கில் வந்திருக்கும். கிராஸ் கேப் காஸ்ட் என்ற வரிக்குப் பக்கத்தில், இதன் உட்பிரிவு வேண்டுமானால் கேளுங்கள் என்ற அர்த்தத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு, அல்லது டிக் போடும் ஒரு கட்டம் இருக்கும். மறக்காமல் கேளுங்கள். உள்ளே நுழைத்தவை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தாக வேண்டும்.

பழைய கொரோலா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கணக்குப் போட்டு எதற்கு லீஸ்? மூன்று வருடம் கட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறோம். அப்புறம் மறுபடி முதலில் இருந்து. நல்ல ஜப்பான் வண்டியாக வாங்கி ஐந்து வருடம் லோன் கட்டி, இன்னும் ஏழெட்டு வருடம் தவணை இல்லாமல் ஓட்டுங்கள். வண்டியின் மதிப்பு மிக வேகமாக இறங்குவது முதல் மூன்று வருடத்தில்தான். லீஸ் மாற்றி லீஸ் எடுக்கிறவர் வாழ்நாள் முழுக்க அந்த முதல் மூன்று வருடத்தை மட்டுமே வாங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு வண்டியும் அப்படி வாங்கியதுதான், குறை ஒன்றும் இல்லை.

நோவை நண்பன்

கொரோலா அண்ணன் சொல்வது பத்து வருடம் ஒரே வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு நூறு சதவீதம் சரி. ஆனால் நான் பார்க்கிற பாதிப்பேர் நான்கைந்து வருடத்தில் எப்படியும் மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ரெசிடுவல் என்பது மூன்று வருடம் கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்று ஃபைனான்ஸ் கம்பெனி இன்றைக்குச் செய்யும் ஊகம். ஊகம் தவறிச் சந்தை விலை கீழே போனால் நட்டம் அவர்களுக்கு, நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். மேலே போனால் ரெசிடுவல் விலைக்கே நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். 2021, 2022இல் சிப் தட்டுப்பாட்டால் பழைய வண்டி விலை ஏறியபோது லீஸ் முடிந்தவர்கள் பலர் ரெசிடுவலில் வாங்கி அதிக விலைக்கு விற்றார்கள். மின்சார வண்டி மாதிரி, மூன்று வருடத்தில் என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் உறுதியில்லாத வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு பெரிய விஷயம்.

இங்கே மிச்சிகனில் லீஸ் ரொம்பச் சாதாரணம். கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் நிறுவனத்தில், அவர்களுக்கு ஐடி வேலை செய்யும் நிறுவனத்தில் இருப்பவர்கள் உங்கள் எச்ஆர் பக்கத்தில் ஒரு தடவை பாருங்கள். ஜிஎம் சப்ளையர் விலை, ஃபோர்டின் எக்ஸ் பிளான் போன்றவை கிடைக்கலாம். விலை முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும், பேரம் பேசும் தொல்லையே இல்லை. நியூஜெர்சியில் இருந்தாலும் அந்தச் சலுகை உங்கள் கம்பெனியைப் பொறுத்ததுதான்.

பழைய கொரோலா

மின்சார வண்டி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் எடுப்பது பெட்ரோல் வண்டி. பசங்க வளரும் வயசு, பத்து வருடம் வைத்திருக்கும் குடும்பம் மாதிரித் தெரிகிறது. அதனால் சொன்னேன்.

ராரிட்டன்கரை

அண்ணா, யோசித்துத்தான் இந்த முடிவு. இரண்டு மூன்று வருடத்தில் வேலை மாறி டெக்சாஸ் பக்கம் போக வாய்ப்பிருக்கிறது, அப்போது எந்த வண்டி வேண்டும் என்று அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

ஆஸ்டின் அக்கா

டெக்சாஸ் என்று காதில் விழுந்ததால் வந்தேன். தம்பி, வரி ஊருக்கு ஊர் வேறு. இங்கே லீஸ் எடுத்தாலும் வண்டியின் முழு விலைக்கு 6.25 சதவீதம். கலிஃபோர்னியாவில் மாதத் தவணைக்கு மட்டும் அந்தந்த மாதம். உங்கள் நியூஜெர்சியில் 6.625 சதவீதம், லீஸ் தவணைகளின் மொத்தத்துக்குக் கணக்குப் போட்டு முதலிலேயே கட்ட வேண்டும். டீலர் அதையும் கேப் காஸ்ட்டில் சேர்த்துவிடுவார், அதற்கும் வட்டி ஓடும். அதனால் வேறு மாநிலத்து நண்பர் "எனக்கு இவ்வளவுதான் வந்தது" என்று சொன்னால் வரிக்கு முந்தைய எண்ணைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

டாக் ஃபீயும், அதாவது காகித வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணமும், அப்படித்தான். நியூயார்க்கில் 175க்கு மேல் வாங்கக் கூடாது, கலிஃபோர்னியாவில் 85. நியூஜெர்சியில் உச்சவரம்பு இல்லை, கடைக்குக் கடை நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வரும்.

அப்புறம், அந்த 4,600ஐ எந்தக் காரணத்துக்காகவும் முன்னால் கட்டாதீர்கள். ஊரில் வீடு ஒத்திக்கு எடுத்தால் காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுசாகக் கைக்கு வரும். இது அப்படி இல்லை, திரும்பி வராத பணம். எடுத்த இரண்டாவது மாதமே வண்டி விபத்தில் முழு நாசமாகிவிட்டது என்று வையுங்கள். இன்சூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும், பற்றாக்குறை இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் 'கேப்' கவரேஜ் (கேப் காஸ்ட்டில் வரும் கேப் வேறு) பார்த்துக்கொள்ளும் (பெரும்பாலான லீஸில் அது உள்ளேயே இருக்கும், உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்). நீங்கள் கட்டிய டவுன் பேமென்ட் போனது போனதுதான். எங்கள் அலுவலகத் தோழி ஒருத்திக்கு இது நடந்தது. அவள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐயாயிரம் டாலர் காற்றோடு போயிற்று.

முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம், டாக் ஃபீ, இவை மட்டும் கையில் கட்டுங்கள். விளம்பரத்தில் 'ஜீரோ டவுன்' என்று இருந்தால் இந்த மூன்றும் அதற்கு வெளியே என்று அர்த்தம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விசா வரிசை

அக்கா, அண்ணன்மார்களே, நான் எச்1பியில் வந்து ஒரு வருடம் ஆகிறது. கிரெடிட் ஸ்கோர் 700ஐ இப்போதுதான் தாண்டியது. 36 மாத லீஸ் எனக்குச் சரிவருமா?

ஆஸ்டின் அக்கா

தம்பி, கிடைக்குமா என்பது ஒரு கேள்வி, எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. சில ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஐ-94 தேதி (எதுவரை இங்கே தங்கலாம் என்று உள்ள பதிவு) லீஸ் முடியும் வரை இருக்கிறதா என்று பார்க்கும். அந்த பிராண்டின் டீலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கிரெடிட் விசாரணை போட்ட பிறகு கேட்காதீர்கள். விளம்பரத்தில் வரும் மனி ஃபேக்டர் நல்ல ஸ்கோர் உள்ளவர்களுக்கு மட்டும். ஸ்கோர்படி உங்களை எந்தப் படியில் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

எடுக்கலாமா என்றால், எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வேலை போனால் எச்1பிக்கு 60 நாள்தான். அந்த 60 நாளில் லீஸை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டி வந்தால், மிச்சத் தவணைகளுக்குக் கிட்டத்தட்ட சமமான தொகை கேட்பார்கள். முன்கூட்டி முடித்தால் பல ஆயிரம் டாலர் வரை ஆகலாம் என்று மேலே கணக்குப்பிள்ளை சொன்ன அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கும், படித்துப் பாருங்கள். லீஸை இன்னொருவர் பேருக்கு மாற்ற சில கம்பெனிகள் விடும். சில விடாது. விட்டாலும் புது ஆள் கட்டாவிட்டால் உங்களைத் தேடி வரும் கம்பெனிகளும் உண்டு. பச்சை அட்டை வரும் வரை, சொந்தமாக, சீக்கிரம் விற்கக்கூடிய நல்ல பழைய வண்டிதான் உங்களுக்கு நிம்மதி. லோன் இருந்தாலும் வண்டியை விற்றுப் பெரும்பகுதியை அடைத்துவிட்டுப் போகலாம்.

விசா வரிசை

நன்றி அக்கா. இரண்டு வாரமாக மனசில் இருந்த குழப்பம் தீர்ந்தது.

ஸ்கார்பரோ சிவம்

கனடாப் பக்கம் வாசிக்கிற ஆக்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. இங்கே மனி ஃபேக்டர் என்று ஒன்றையும் போட்டு மண்டையைக் குழப்ப மாட்டினம், வட்டி வீதத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்றே சொல்லுவினம். தூரம் கிலோமீட்டரில், வருசத்துக்கு 16,000, 20,000, 24,000 என்று கேட்டு எடுக்கலாம். ஒன்ராறியோவில் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி ஒவ்வொரு தவணையோடும் கட்டுப்படும். விளம்பரத்தில் போடுற விலைக்குள் டீலரின் கட்டணம் எல்லாம் அடங்க வேணும், வரியும் லைசென்சும் மட்டும்தான் வெளியே, இது ஒன்ராறியோவில் கார் விற்பனையைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பின் விதி. கடையில் போன பிறகு புதுசாக ஒரு ஃபீ முளைச்சால் விளம்பரத்தைக் காட்டிக் கதையுங்கோ. ரெசிடுவல், விலை பேசுற விசயம் எல்லாம் கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரியேதான்.

கலிஃபோர்னியா கந்தன்

நான் ஐயோனிக் 5 என்ற மின்சார வண்டியை லீஸில் ஓட்டுகிறேன். 2023, 2024இல் போட்ட பதிவுகளைப் பார்த்துவிட்டு அதே விலை எனக்கும் வேண்டும் என்று டீலரிடம் நிற்பவர்களுக்கு ஒரு சொல். அப்போது லீஸ் எடுத்தால் 7,500 டாலர் மத்திய அரசுச் சலுகை லீஸ் கம்பெனிக்குப் போய், அதை அவர்கள் விலையில் கழித்துக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் 30ஓடு அது முடிந்துவிட்டது. இப்போது கம்பெனி தானாகக் கொடுக்கும் தள்ளுபடி மட்டுமே. ஒப்பிடுவதானால் இந்த மாதத்து விலைகளோடு ஒப்பிடுங்கள்.

ராரிட்டன்கரை

வந்து சொல்கிறேன் என்று இருந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி எட்மண்ட்ஸில் கேட்டேன். பை ரேட் 0.00190, ரெசிடுவல் 57. அப்படியென்றால் முதல் டீலர் 0.00040 சேர்த்திருக்கிறார், அப்படியே கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எண்.

சுற்றுவட்டார டீலர்களின் இன்டர்நெட் சேல்ஸ் மேனேஜர்களுக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். இந்த டிரிம், இந்த நிறம், 36 மாதம், 10,000 மைல், பை ரேட்டில், கூடுதல் பேக்கேஜ் எதுவும் இல்லாமல், கம்பெனித் தள்ளுபடிக்கு முந்தைய விற்பனை விலை என்ன, கட்டணங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேட்டேன். பாதிப்பேர் "நேரில் வாருங்கள், உங்களுக்கு நல்ல விலை போட்டுத் தருகிறோம்" என்று மட்டும் எழுதினார்கள். அவர்களை விட்டுவிட்டேன். சிலர் எண்களோடு எழுதினார்கள். அதில் குறைந்ததை அடுத்தவருக்குக் காட்டி, கடைசியில் வந்தது: விலை 35,500, அக்விசிஷன் ஃபீ 895 உள்ளே சேர்த்து 36,395, மனி ஃபேக்டர் 0.00190, பேக்கேஜ் இல்லை, டவுன் பேமென்ட் இல்லை.

நானே கணக்குப் போட்டேன். 14,735ஐ 36ஆல் வகுத்தால் 409.31. 58,055ஐ 0.0019ஆல் பெருக்கினால் 110.30. மொத்தம் 519.61.

கணக்குப்பிள்ளை

சரியாக இருக்கிறது. அதே 519தான், ஆனால் 4,600 டாலர் உங்கள் பையில் இருக்கிறது. இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள், அடுத்த தடவை யாராவது மாதத் தவணையை மட்டும் சொல்லி நல்ல டீலா என்று கேட்டால் காட்டலாம்.

வரி மட்டும் பாருங்கள். 18,706க்கு 6.625 சதவீதம், சுமார் 1,239 டாலர். கையில் கட்ட முடிந்தால் கட்டிவிடலாம், உள்ளே சேர்த்தால் மாதத்துக்கு முப்பத்தேழு முப்பத்தெட்டு கூடும். தாளில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது.

ஃபைனான்ஸ் அறையில் கடைசியாக ஒருவர் உட்கார்ந்து டயர் இன்சூரன்ஸ், கீறல் தேய்வுக்கான இன்சூரன்ஸ், பராமரிப்புத் திட்டம் என்று வரிசையாகக் காட்டுவார். ஒவ்வொன்றும் "மாதம் பதினைந்து டாலர்தான்" என்று வரும். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். மெயிலில் வந்த எண்களும் ஒப்பந்தத்தில் உள்ள எண்களும் வரிக்கு வரி ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். புது வண்டியை டீலரிடம் எடுத்துவிட்டு மூன்று நாளில் திருப்பலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது, மத்தியச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

நோவை நண்பன்

மைல் பற்றி யாரும் பேசவில்லையே. ஒன்பதாயிரம் என்றால் 10,000 போதும். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தினமும் போகவர 60 மைல் ஓட்டுகிறவர் வேலைக்கே வருடம் 14,400 ஓட்டிவிடுவார். 10,000 மைல் லீஸ் எடுத்தால் மூன்று வருடத்தில் 13,200 மைல் கூடுதல், மைலுக்கு 20 சென்ட் என்றால் முடிவில் 2,640 டாலர் பில். அதையே முதலில் 15,000 மைல் என்று கேட்டால் ரெசிடுவல் 57இல் இருந்து 54க்கு வந்தாலும் மாதம் முப்பது டாலர் வாக்கில்தான் கூடும், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். எவ்வளவு ஓட்டுவோம் என்று தெரிந்தால் முன்பே வாங்கிவிடுங்கள்.

பழைய கொரோலா

தம்பி 4,600 மிச்சம் பிடித்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். லீஸே எடுப்பதானாலும் இப்படி எடுங்கள்.

ராரிட்டன்கரை

நன்றி அண்ணா. முடியும்போது திருப்பிக் கொடுப்பதில் என்ன பார்க்க வேண்டும்?

ஆஸ்டின் அக்கா

நான் திருப்பிக் கொடுத்த அனுபவம் சொல்கிறேன். முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இலவசப் பரிசோதனைக்கு ஆள் அனுப்புவார்கள், அவசியம் செய்துகொள்ளுங்கள். கிரெடிட் கார்டு அளவுக்குள் இருக்கும் கீறல், நசுங்கலைப் பல கம்பெனிகள் விட்டுவிடும், அதற்கு மேல் என்றால் பணம். வெளியில் சரிசெய்வது அவர்கள் போடும் பில்லைவிட மலிவாக இருக்கும். டயர் ஓரம் தேய்ந்திருந்தால் பார்ப்பார்கள், ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஆழம் இருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள அளவு. இரண்டு சாவியும் வேண்டும்.

கொடுக்கும் நாளில் நான்கு பக்கமும், நான்கு டயரும், உள்ளே சீட்டும், மைல் காட்டும் டயலும் படம் எடுத்தேன். ஒரு மாதம் கழித்து இரண்டு டயருக்கு 480 டாலர் பில் வந்தது. டயரில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன், பில்லை ரத்து செய்து கடிதம் வந்தது. படம் இல்லாவிட்டால் கட்டித்தான் இருக்க வேண்டும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்போசிஷன் ஃபீ என்று 400 டாலர் வாக்கில் இருக்கும். அதே பிராண்டில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வண்டியை நீங்களே வாங்குவதானால் டீலரிடம் போகாமல் லீஸ் கம்பெனிக்கே போன் செய்து நேரடியாக முடிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். டீலர் வழியாகப் போனால் சிலர் மறுபடி டாக் ஃபீ, பரிசோதனைக் கட்டணம் என்று ஏற்றுவார்கள்.

நோவை நண்பன்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் லீஸ் வண்டியைப் பழைய கார் வாங்கும் எந்தக் கடையிலும் கொடுத்து மதிப்பு அதிகமிருந்தால் லாபத்தை எடுத்துக்கொள்ளலாம். 2021க்குப் பிறகு பல கம்பெனிகள் வேறு பிராண்டு டீலருக்கு, வெளிக் கடைக்கு விற்க விடுவதில்லை, விட்டாலும் கூடுதல் விலை கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் பர்ச்சேஸ் ஆப்ஷன் பகுதியை இப்போதே படித்துவிடுங்கள்.

ராரிட்டன்கரை

படித்தேன், எங்களுக்கு அதே பிராண்டு டீலர் மட்டும் என்று இருக்கிறது. சரி, பரவாயில்லை. வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கிறோம். இன்சூரன்ஸுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

ஆமாம். லீஸ் கம்பெனிகள் பொதுவாக 100/300/50 லயபிலிட்டி கேட்கும் (பிறருக்குக் காயம் என்றால் ஒருவருக்கு ஒரு லட்சம், விபத்துக்கு மூன்று லட்சம், பொருள் சேதத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் வரை), டிடக்டிபிள், அதாவது விபத்தில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை, 1,000க்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கும். உங்கள் பழைய பாலிசி அதைவிடக் குறைவாக இருந்தால் பிரீமியம் ஏறும். வியாழக்கிழமையே டீலரிடம் வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னும் லீஸ் கம்பெனியின் முழுப்பெயர், முகவரியும் வாங்கி இன்சூரன்ஸ்காரருக்குக் கொடுங்கள். அந்த வண்டிக்கு லாஸ் பேயி (இழப்பீட்டுப் பணம் பெறுபவர்), அடிஷனல் இன்ஷ்யூர்ட் (பாலிசியில் கூடுதலாகச் சேரும் பெயர்) இரண்டிலும் லீஸ் கம்பெனி பெயர் வர வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் வண்டியை வெளியே விட மாட்டார்கள்.